நெறி கட்டியிருக்கா, இல்லையா? ஒரு ஆபரேஷனுக்கு முந்தின கணக்கு

இன்னைக்கு மெஷின் லேர்னிங் பத்திதான், ஆனா எங்க வீட்டுக் கதையோட.

திண்டிவனத்துல இருக்கிற எங்க பெரியப்பாவுக்கு மலத்துல ரத்தம் போச்சு. மூலம்னு நினைச்சு ஆறு மாசம் களிம்பு போட்டார். கடைசியில கொலோனோஸ்கோபி செஞ்சப்போ மலக்குடல்ல ஒரு சின்னக் கட்டி. அப்பவே எடுத்துட்டாங்க. பயாப்ஸியில ஆரம்பநிலைப் புற்றுநோய்னு வந்தது. அதான் எடுத்தாச்சேன்னு நாங்க இருந்தோம். டாக்டர் சொன்னார்: "நிணநீர்க் கணுவுக்குப் பரவியிருக்கலாம். மலக்குடலையும் எடுக்கணுமான்னு முடிவு பண்ணணும்."

கால்ல புண் வந்தா தொடையிடுக்குல நெறி கட்டும் இல்லையா? அங்க வீங்குறதுதான் நிணநீர்க் கணு. மலக்குடலைச் சுத்தியிருக்கிற கொழுப்புக்குள்ளயும் அது நிறைய இருக்கு. கட்டியை மட்டும் எடுத்தா, கணுக்கள் உள்ளேயே இருக்கும்.

ஸ்கேன்ல தெரியாதான்னு கேட்டேன். 2012-ல் வெளிவந்த ஒரு தொகுப்பாய்வின்படி, கணுவில் நோய் உள்ள 100 பேர்ல எம்.ஆர்.ஐ. 77 பேரைக் கண்டுபிடிக்கும். நோயில்லாத 100 பேர்ல 29 பேருக்கு இருக்குன்னு தப்பா காட்டும். சின்னக் கணுவிலும் புற்றுநோய் இருக்கலாம். பெரிய கணு வெறும் அழற்சியால வீங்கியிருக்கலாம்.

இப்போ நம்ம ஏரியாவுக்கு வருவோம். ஆரம்பநிலைக் கட்டிகள்ல கணுவுக்குப் பரவுறது சுமார் பத்துல ஒருத்தருக்குத்தான். எல்லாருக்கும் "பரவல"ன்னு சொல்ற ஒரு வரி புரோகிராம் எழுதினாலே 90% அக்யூரசி வந்துடும்! ஆனா அது ஒரு நோயாளியைக்கூடக் காப்பாத்தாது. ரெண்டு தப்புக்கும் விலை ஒண்ணு இல்ல. ஒரு பக்கம் தேவையில்லாத பெரிய ஆபரேஷன், சிலருக்கு வயித்துல பை. இன்னொரு பக்கம் நோய் திரும்பி வர்றது.

2018-ல் ஜப்பானின் ஷோவா பல்கலைக்கழகக் குழு ஒண்ணு, பெருங்குடல், மலக்குடல் ஆரம்பநிலைப் புற்றுநோய்க்கு ஆபரேஷன் ஆன 590 பேரோட விவரங்களை வச்சு ஒரு மாடலைப் பழக்கினாங்க. வேற 100 பேர்கிட்ட சோதிச்சப்போ, கணுவில் நோய் இருந்த யாரையும் அது தவறவிடல. நோயில்லாதவங்கள்ல 66% பேருக்கு ஆபரேஷன் வேண்டாம்னு சரியா சொன்னது. நல்ல முடிவுதான். ஆனா வெறும் 100 பேர். நானா இருந்தா இதை வச்சு புரொடக்‌ஷனுக்குப் போகமாட்டேன்.

பெரியப்பாவோட ரிப்போர்ட்ல நிணநீர்க் குழாய்க்குள்ள புற்றுச் செல் தெரிஞ்சது. அது பரவலுக்கான முக்கியமான அறிகுறி. புதுச்சேரியில ஆபரேஷன் நடந்தது. சில மாசம் பையோடதான் திண்டிவனம் பஸ் ஏறி இறங்கினார். எடுத்த கணு ஒண்ணுலகூட நோய் இல்ல.

"சும்மாவே வெட்டிட்டாங்களே"ன்னு விழுப்புரம் அத்தை அழுதாங்க. எனக்கும் அப்படித்தான் தோணுச்சு. யோசிச்சா, பதில் வந்த பிறகு கேள்வியைத் திட்டுறது நியாயமில்ல. அன்னைக்குக் கையில இருந்த தகவலுக்கு அது சரியான முடிவு.

உங்க வீட்டுல இந்த நிலைமை வந்தா டாக்டர்கிட்ட ரெண்டு கேள்வி கேளுங்க: "கணுவுக்குப் பரவியிருக்க எவ்வளவு வாய்ப்பு? எதை வச்சு சொல்றீங்க?" முக்கியமா, ரத்தம் போனா மூலம்னு நீங்களே முடிவு பண்ணாதீங்க.

அடுத்த எபிசோடுல சந்திப்போம்.