கேள்வி கேட்பவருக்கு வெட்கம் வேண்டாம்

(அறக்கட்டளையின் சமுதாய நலக் கூட்டத்தில் ஆற்றிய உரை)

 

அறிவியலை மக்களிடம் எடுத்துச் சொல்லும் எங்களிடம் கேள்விகள் வராத நாளில்லை. கூட்டம் முடிந்ததும் ஓரமாக வந்து நின்று கேட்பார்கள்; வாட்ஸ்அப்பில் வந்ததை அப்படியே அனுப்பி, "இது உண்மையா?" என்பார்கள். பிள்ளைக்கு ஊசி போடலாமா, கடற்கரைக்குப் போகலாமா என்று ஒரு முடிவெடுக்கத்தான் கேட்கிறார்கள். நாங்கள் சொல்லும் பதிலில் ஒரு வீட்டின் நன்மை தீமை இருக்கிறது. அடிக்கடி வரும் நான்கு கேள்விகளை இன்று உங்கள் முன் வைக்கிறோம்.

முதலாவது, தடுப்பூசி. 2017 பிப்ரவரியில் தமிழகத்தில் 9 மாதம் முதல் 15 வயது வரையுள்ள பிள்ளைகளுக்குத் தட்டம்மை-ரூபெல்லா ஊசி போடும் பணி தொடங்கியது. கூடவே வதந்தியும் கிளம்பியது. பெற்றோர் பலர் தயங்கினார்கள். "ஒன்றும் ஆகாது, போடுங்கள்" என்று மட்டும் சொன்னால் ஒரு தாயின் பயம் போகாது. என்ன கேள்விப்பட்டீர்கள் என்று முதலில் கேட்க வேண்டும். "பின்னாளில் குழந்தை பிறக்காதாம்" என்பார். உண்மை நேர்மாறானது. கருவுற்ற முதல் மாதங்களில் தாய்க்கு ரூபெல்லா வந்தால் கரு கலையலாம். பிறக்கும் குழந்தையின் கண், காது, இதயம் பாதிக்கப்படலாம். அதைத் தடுக்கத்தான் இந்த ஊசி. ஹஜ்ஜுக்குப் போகிறவர்களும் மூளைக்காய்ச்சல் தடுப்பூசி போட்டுக்கொண்டுதானே போகிறார்கள்? பிள்ளைக்கு ஒவ்வாமையோ வேறு நோயோ இருந்தால் டாக்டரிடம் முன்பே சொல்லுங்கள் என்பதையும் சேர்த்தே சொல்கிறோம்.

இரண்டாவது, கடல். "இந்தத் தேதியில் சுனாமி வருமாமே?" 2004 டிசம்பர் 26 அன்று குளச்சலிலும் மணக்குடியிலும் உறவுகளைப் பறிகொடுத்த மாவட்டம் இது. இந்தக் கேள்வியைக் கேட்டுச் சிரிக்க யாருக்கும் உரிமையில்லை. நிலநடுக்கம் வரும் நாளை முன்கூட்டியே சொல்லும் வழி உலகில் யாரிடமும் கிடையாது. ஆகவே தேதி குறித்து வரும் செய்தி பொய். ஆனால் கடலடியில் நிலம் நடுங்கிய பிறகு, சுனாமி வர வாய்ப்புண்டா என்று சில நிமிடங்களில் கணித்துச் சொல்ல முடியும். அதற்கான மையம் 2007 முதல் ஹைதராபாத்தில் இயங்குகிறது. சுமத்ரா பக்கம் கிளம்பும் அலை நம் கரைக்கு வர இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆகும். உயிர் தப்ப அந்த நேரம் போதும்.

கள்ளக்கடல் எச்சரிக்கையும் அங்கிருந்துதான் வருகிறது. இங்கே காற்றில்லை, மழையில்லை, வானம் தெளிவாக இருக்கிறது. எங்கோ தெற்கே பெருங்கடலில் வீசிய புயலின் அலை நம் கரையில் திடீரென்று எழும்பும். 2024 மே 6 அன்று லெமூர் கடற்கரையில் மருத்துவ மாணவர்கள் ஐந்து பேர் அலையில் சிக்கி உயிரிழந்தபோதும் எச்சரிக்கை இருந்தது. வதந்திக்குப் பயப்படாதீர்கள், எச்சரிக்கையை அலட்சியம் செய்யாதீர்கள்.

மூன்றாவது, மணல். மணவாளக்குறிச்சிக் கடற்கரை மணலில் தோரியம் கலந்த மோனசைட் இருக்கிறது. அதனால் அங்கே இயற்கையாகவே கதிர்வீச்சு அதிகம். "எங்க உம்மாவுக்குப் புற்றுநோய் வந்தது இந்த மணலாலயா?" என்று ஒரு பிள்ளை கேட்டால் என்ன சொல்வது? இதே போன்ற மணலுள்ள கேரளத்துக் கருநாகப்பள்ளியில் சுமார் 70,000 பேரைச் சராசரியாகப் பத்தாண்டுக்கு மேல் கவனித்து வந்த ஆய்வு 2009-ல் வெளியானது. கதிர்வீச்சு கூடக் கூடப் புற்றுநோய் கூடியதாக அதில் தெரியவில்லை. அதைச் சொல்கிறோம். பெருங்கூட்டத்தைப் பற்றிய கணக்கை வைத்து ஒரு தாயின் நோய்க்குக் காரணம் சொல்ல முடியாது என்பதையும் சொல்கிறோம். "மணல்தான் காரணம் என்று எழுதித் தாருங்கள்" என்று சிலர் கேட்பார்கள். "மணலால் ஒன்றுமில்லை என்று எழுதித் தாருங்கள்" என்று வேறு சிலர் கேட்பார்கள். இரண்டையும் எழுதித் தருவதில்லை. ஆறாத வாய்ப்புண்ணோ மார்பில் கட்டியோ இருந்தால், காரணம் தேடி நாளைக் கடத்தாமல் ஆசாரிப்பள்ளம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குப் போகச் சொல்கிறோம். முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டத்தில் புற்றுநோய்க்கும் சிகிச்சை உண்டு. அட்டை எடுத்துக் கொடுப்பதும், துணைக்கு ஒரு ஆளை அனுப்புவதும் ஜமாஅத்தால் முடிகிற காரியங்கள்.

நான்காவது, "இன்று பிறை தெரியுமா?" சூரியன் மறைந்து எத்தனை நிமிடம் கழித்துப் பிறை மறையும், எவ்வளவு உயரத்தில் நிற்கும் என்று கணக்கிட்டுச் சொல்லலாம். நாளை நோன்பா, பெருநாளா என்பதை ஆலிம்களும் தலைமை காஜியும்தான் அறிவிக்க வேண்டும். அந்த இடத்தில் நாங்கள் வாய் திறப்பதில்லை.

நபி (ஸல்) அவர்களின் அருமை மகன் இப்ராஹீம் இறந்த நாளில் சூரிய கிரகணம் ஏற்பட்டது. அந்த மரணத்தால்தான் சூரியன் இருண்டது என்று மக்கள் பேசிக்கொண்டார்கள். யாருடைய இறப்புக்காகவும் பிறப்புக்காகவும் கிரகணம் பிடிப்பதில்லை என்று நபியவர்கள் திருத்தினார்கள். தம் வீட்டுத் துக்கத்துக்குப் பெருமை சேர்க்கும் பேச்சாக இருந்தும், தவறென்பதால் அதை விட்டுவைக்கவில்லை.

ஆகவே ஒரு செய்தியைப் பத்துப் பேருக்கு அனுப்புமுன், விவரம் தெரிந்த ஒருவரிடம் கேளுங்கள். தெரிந்ததைச் சொல்வோம்; தெரியாவிட்டால் தெரிந்தவரிடம் கைகாட்டுவோம். பயனுள்ள கல்வியை அல்லாஹ் நம் எல்லோருக்கும் தந்தருள்வானாக, ஆமீன். வஸ்ஸலாம்.