பழைய வண்டிக்கு எந்த ஸ்பேனர்?

ஜப்பானியக் கார்களைப் பழுது பார்க்கும் பட்டறையில் 10, 12, 14, 17 மில்லிமீட்டர் ஸ்பேனர்கள் இருந்தால் பெரும்பகுதி வேலை முடிந்துவிடும். அதே பட்டறைக்கு 1950ஆம் ஆண்டின் லேண்ட் ரோவரோ, பழைய பி.எஸ்.ஏ. மோட்டார் சைக்கிளோ வந்து சேர்ந்தால் இந்த நான்கும் கைகொடுக்க மாட்டா. அதற்குக் காரணம் என்ன என்பதை இன்று பார்ப்போம்.

1841ஆம் ஆண்டில் ஜோசப் விட்வொர்த் என்னும் ஆங்கிலப் பொறியாளர், போல்ட்டு மரைகளுக்கு ஒரு சீரான அளவுமுறையை வகுத்தார். பழைய பிரிட்டிஷ் வண்டிகளில் விட்வொர்த் மரையும், அதைவிட நெருக்கமான பி.எஸ்.எஃப். மரையும் உண்டு. இந்த ஸ்பேனர்களில் பொறித்திருக்கும் எண், ஸ்பேனர் வாயின் அகலம் அன்று. போல்ட்டுத் தண்டின் விட்டமாகும். 1/4 விட்வொர்த் ஸ்பேனரின் வாயை அளந்தால் 0.525 அங்குலம், அதாவது ஏறத்தாழ 13.3 மில்லிமீட்டர் இருக்கும். அந்த நட்டில் 13 நுழையாது. 14 தளர்ந்து ஆடும். ஆடுகின்ற ஸ்பேனரை அழுத்தித் திருப்பினால் நட்டின் முனைகள் மழுங்கிவிடும். பிறகு எந்த ஸ்பேனரும் அதைப் பிடிக்காது.

1948ஆம் ஆண்டில் அமெரிக்கா, பிரிட்டன், கனடா ஆகிய நாடுகள் பொதுவான அங்குல மரைக்கு இணங்கின. அதன்பின் பிரிட்டிஷ் கார்களிலும் ஏ.எஃப். ஸ்பேனர்கள் படிப்படியாக வந்தன. இவற்றின் எண், நட்டின் எதிரெதிர்ப் பக்கங்களுக்கு இடைப்பட்ட அகலத்தைக் குறிக்கும். ஆகவே 1/2 விட்வொர்த்தும் 1/2 ஏ.எஃப்.பும் ஒன்றல்ல. எண்ணோடு அதன் அருகிலுள்ள எழுத்தையும் படிப்பது அவசியம்.

மின்சாரப் பகுதிகளில் இன்னொரு வகையைக் காணலாம். அது பி.ஏ. எனப்படும். 2 பி.ஏ. நட்டின் அகலம் சுமார் 8.2 மில்லிமீட்டர். 8 மில்லிமீட்டர் ஸ்பேனர் அதில் நுழையாது.

ஸ்பேனர் சரியாகப் பொருந்தினாலும் ஏமாறக்கூடிய இடம் ஒன்று உண்டு. எம்.ஜி. டி.சி., டி.டி. கார்களின் இயந்திரத்தில் போல்ட்டின் தலை விட்வொர்த் அளவு; மரையோ மெட்ரிக். பிரெஞ்சு நிறுவனமான ஹாட்ச்கிஸ், முதல் உலகப்போரின்போது கவென்ட்ரி நகரில் தொழிற்சாலை நிறுவியது. அங்கிருந்த இயந்திரங்கள் மெட்ரிக் மரையை வெட்டுபவை. போருக்குப்பின் அங்கே மோரிஸ் கார்களுக்கு இயந்திரங்கள் செய்தார்கள். 1923இல் மோரிஸ் அதனை விலைக்கு வாங்கியது. மரை மாறாமல் தொடர்ந்தது. பிரிட்டிஷ் தொழிலாளர் கையிலிருந்த ஸ்பேனருக்கு ஏற்றபடி தலையை மட்டும் விட்வொர்த் அளவில் அமைத்தார்கள். இதை அறியாமல் 8 மில்லிமீட்டர் துளையில் 5/16 பி.எஸ்.எஃப். போல்ட்டை முறுக்கினால், இயந்திரத்தின் மரையே அழிந்துவிடும்.

இனி ஜெர்மானிய வண்டிக்கு வருவோம். வோக்ஸ்வேகன் பீட்டில் காரின் பின்சக்கர அச்சு நட்டுக்கு 36 மில்லிமீட்டர் சாக்கெட் வேண்டும். அதை முறுக்க வேண்டிய விசை ஏறத்தாழ 217 அடி-பவுண்டு. சாக்கெட் இல்லாதபோது உளியும் சுத்தியும் கொண்டு தட்டுவோர் உண்டு. அப்படித் தட்டினால் எவ்வளவு இறுகியது என்று அறிய வழியில்லை. நட்டு தளர்ந்திருந்தால் பிரேக் டிரம்மின் பற்கள் தேயும், சக்கரம் ஆபத்துக்குள்ளாகும். சக்கரம் தரையில் நிற்கும்போதே இந்த நட்டைத் தளர்த்தவும் இறுக்கவும் வேண்டும். ஊசி செருகும் துளை நேராக அமையாவிட்டால் இன்னும் சிறிது இறுக்கலாமே தவிர, பின்னோக்கித் தளர்த்தக்கூடாது.

ஆகவே, பழைய வண்டியில் கைவைக்குமுன் மூன்று செயல்களைச் செய்வோம். முதலாவது, வண்டியின் ஆண்டையும் வகையையும் அறிவோம். இரண்டாவது, நட்டின் அகலத்தை அளந்து, ஆடாமல் பொருந்தும் ஸ்பேனரைத் தேர்வோம். மூன்றாவது, புதிய போல்ட்டை முதலில் விரலாலேயே திருகிப் பார்ப்போம். விரலுக்கு இணங்காத மரையை ஸ்பேனரால் வற்புறுத்தலாகாது. ஸ்பேனர் கையின் வலிமையைப் பலமடங்கு பெருக்குவது. தவறான மரையில் அந்த வலிமையே கேடாக முடியும்.