மயக்க மருந்து குறித்த அச்சமும் முதியோர் அறுவைச் சிகிச்சையும்

(ஸ்ரீவில்லிபுத்தூரில் நமது ஜமாஅத் சார்பில் நடைபெற்ற மருத்துவ விளக்கக் கூட்டத்தில் மயக்கவியல் மருத்துவர் ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

 

மயக்க மருந்து குறித்தும் இக்கால அறுவைச் சிகிச்சை குறித்தும் பேசுமாறு நிர்வாகத்தினர் என்னைப் பணித்தனர். தலைப்பு கடல் போன்றது. அதில் நம் வீடுகளை நேராகத் தொடும் ஒரு பகுதியை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். எண்பது வயதுப் பெரியவர் ஒருவர் குளியலறையில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பை முறித்துக்கொள்கிறார். குடும்பத்தார் கூடிப் பேசுகின்றனர். "இந்த வயதில் மயக்க மருந்தைத் தாங்கமாட்டார், அத்தாவைக் கஷ்டப்படுத்த வேண்டாம், வீட்டிலேயே படுக்க வைத்துப் பார்த்துக்கொள்வோம்" என்று முடிவெடுக்கின்றனர். அன்பினால் எடுக்கப்படும் முடிவுதான், அதில் ஐயமில்லை. ஆயினும் அது பெரும்பாலும் தவறான முடிவு என்பதை எடுத்துரைக்கவே இன்று உங்கள் முன் நிற்கிறேன்.

இடுப்பெலும்பு முறிவு என்று நாம் சொல்வது பெரும்பாலும் தொடையெலும்பின் மேல்முனையில் ஏற்படும் முறிவாகும். கை எலும்பைப் போன்று அதைக் கட்டுப்போட்டுச் சேர்த்துவிட முடியாது. நாட்டுக் கட்டுக்கும் அது கட்டுப்படாது. எலும்பு சேராத நிலையில் முதியவரைப் படுக்கையில் கிடத்தினால் புரண்டு படுக்கவும் வலி, மலஜலம் கழிக்கவும் வலி. ஆழ்ந்து மூச்சு விடாததால் நுரையீரலில் சளி கட்டி நிமோனியா வருகிறது. முதுகில் படுக்கைப் புண் உண்டாகிறது. கால் அசையாததால் இரத்தம் உறைந்து, அந்தக் கட்டி நுரையீரலுக்குச் சென்று அடைக்கிறது. மயக்க மருந்துக்கு அஞ்சி வீட்டில் வைத்துக்கொண்ட பெரியவரின் உயிருக்கு ஆபத்து இவ்வழிகளில்தான் வந்து சேர்கிறது. எனவே, "அறுவைச் சிகிச்சை ஆபத்தா?" என்று மட்டும் கேட்டால் போதாது. "செய்யாமல் விட்டால் என்ன ஆகும்?" என்றும் சேர்த்தே கேட்க வேண்டும்.

காலதாமதமும் கூடாது. இங்கிலாந்தின் தேசிய வழிகாட்டுதல் 2011ஆம் ஆண்டிலிருந்தே, மருத்துவமனையில் சேர்க்கப்பட்ட அன்றோ அடுத்த நாளோ அறுவை முடிந்துவிட வேண்டும் என்று கூறி வருகிறது. இந்தியா உள்பட 17 நாடுகளில் 2970 நோயாளிகளைக் கொண்டு நடத்தப்பட்ட ஓர் ஆய்வு 2020ஆம் ஆண்டில் வெளிவந்தது. முறிவு உறுதியானதிலிருந்து சுமார் 6 மணி நேரத்தில் அறுவை செய்யப்பட்டவர்களையும், சுமார் 24 மணி நேரத்தில் செய்யப்பட்டவர்களையும் அதில் ஒப்பிட்டனர். இறப்பு விகிதத்தில் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை. ஆனால் விரைந்து அறுவை செய்யப்பட்டவர்களுக்கு மனக்குழப்பம் குறைந்தது. அவர்கள் விரைவில் எழுந்து நடமாடினர். ஆறு மணி நேரத்திற்குள் முடித்தே ஆக வேண்டும் என்று நான் கூறவில்லை. வெளியூரில் இருக்கும் மகன் வந்து சேரட்டும் என்று நான்கைந்து நாட்கள் காத்திருக்கிறோமே, அதைத்தான் தவிர்க்கச் சொல்கிறேன்.

இனி மயக்க மருந்துக்கு வருவோம். இந்த அச்சத்திற்கு ஒரு வரலாறு உண்டு. அதில் நம் நாட்டுக்கும் பங்கு உண்டு. 1846ஆம் ஆண்டு அக்டோபர் 16ஆம் நாள் அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் ஈதர் கொடுத்து வலியின்றி அறுவை செய்து காட்டப்பட்டது. மறு ஆண்டே ஸ்காட்லாந்தில் சிம்ப்ஸன் என்னும் மருத்துவர் குளோரோஃபார்மை அறிமுகப்படுத்தினார். அதற்கடுத்த ஆண்டின் தொடக்கத்தில், கால் நகத்தை எடுப்பதற்காகக் குளோரோஃபார்ம் கொடுக்கப்பட்ட 15 வயதுச் சிறுமி இங்கிலாந்தில் உயிரிழந்தாள். அதன் பிறகு, குளோரோஃபார்ம் முதலில் நிறுத்துவது மூச்சையா, இதயத்தையா என்று அரை நூற்றாண்டுக்கும் மேலாக மருத்துவ உலகம் வாதிட்டது.

அந்த வாதத்தைத் தீர்க்கும் முயற்சி நடந்த இடம் ஹைதராபாத். அங்கிருந்த மருத்துவப் பள்ளியின் தலைவர் எட்வர்ட் லாரி, ஆறாவது நிஜாம் மீர் மஹ்பூப் அலீ கானின் அரசு அளித்த பொருளுதவியுடன் 1888இலும் 1889இலும் இரண்டு குளோரோஃபார்ம் ஆணையங்களை நடத்தினார். இரண்டாவது ஆணையத்தில் பங்கேற்க, லண்டனின் புகழ்பெற்ற மருத்துவ இதழான லான்செட் தன் சார்பில் லாடர் பிரண்டன் என்னும் அறிஞரைக் கப்பலேற்றி அனுப்பியது. அந்தச் செலவையும் நிஜாம் அரசே ஏற்றது. நூற்றுக்கணக்கான விலங்குகளில் சோதனைகள் நடந்தன. அதே மருத்துவப் பள்ளியில் பயின்ற ரூபாபாய் ஃபர்தூன்ஜி என்ற பார்ஸி பெண்மணி, உலகின் முதல் பெண் மயக்கவியல் மருத்துவர்களுள் ஒருவராக இன்று போற்றப்படுகிறார். நம் பிள்ளைகளின் பாடநூல்களில் அவர் பெயர் இடம்பெற வேண்டும் என்பது என் தனிப்பட்ட அவா.

மூச்சே முதலில் நிற்கிறது, ஆகவே மருந்து கொடுப்பவர் மூச்சை மட்டும் கவனித்தால் போதும், நாடியைப் பார்க்கத் தேவையில்லை என்று ஹைதராபாத் ஆணையம் முடிவு கூறியது. அது முழு உண்மையன்று. குளோரோஃபார்ம் குறைந்த அளவில் உள்ளே செல்லும்போதே இதயம் தாளம் தப்பி நின்றுவிடக்கூடும் என்பதை 1911ஆம் ஆண்டில் லெவி என்னும் ஆய்வாளர் சோதனையால் காட்டினார். அப்படியானால் மூச்சையும் பார்க்க வேண்டும், இதயத்தையும் பார்க்க வேண்டும். இன்றைய மயக்கவியல் நிற்பது இந்த அடித்தளத்தின் மீதுதான்.

"மயக்க மருத்துவர் ஓர் ஊசி போட்டுவிட்டுப் போய்விடுவார்" என்று மக்கள் நினைக்கின்றனர். உண்மை அதுவன்று. அறுவை தொடங்கியது முதல் முடியும் வரை அவர் நோயாளியின் தலைமாட்டை விட்டு நகர்வதில்லை. இதயத் துடிப்பின் வரைபடம், இரத்த அழுத்தம், வெளிவிடும் மூச்சிலுள்ள கரியமில வாயுவின் அளவு ஆகியவை அவர் கண்முன் ஓடிக்கொண்டிருக்கின்றன. விரலில் மாட்டும் பல்ஸ் ஆக்ஸிமீட்டரைக் கொரோனா காலத்தில் நீங்களே வாங்கிப் பயன்படுத்தியிருப்பீர்கள். அதன் அடிப்படைத் தத்துவத்தை 1974இல் ஜப்பானியப் பொறியாளர் தகுவோ அவோயாகி கண்டறிந்தார். நோயாளியின் உதடு நீலம் பாய்வதைக் கண்ணால் கண்ட பிறகு பதறிய காலம் போய், அதற்கு வெகு முன்பே அளவு குறைவதை அறியும் காலம் அதனால் வந்தது. (ஒரு சிறு குறிப்பு: நகப்பூச்சும், கருமையாகப் படிந்த மருதாணியும் இந்தக் கருவியின் அளவை மாற்றிக் காட்டக்கூடும். பெருநாளுக்கோ திருமணத்துக்கோ மருதாணி இட்டிருந்தால் சொல்லிவிடுங்கள், வேறிடத்தில் பொருத்திக்கொள்வார்கள்.)

"முழு மயக்கம் வேண்டாம், முதுகில் ஊசி போட்டால்தான் வயதானவருக்கு நல்லது" என்று வற்புறுத்தும் உறவினர்களும் உண்டு. சில காலம் முன்புவரை மருத்துவர்களிடையிலும் அக்கருத்து வலுவாக இருந்தது. அமெரிக்காவிலும் கனடாவிலும் 1600 இடுப்பு முறிவு நோயாளிகளிடம் நடத்தப்பட்டு 2021இல் வெளியான ஆய்வில், இரு முறைகளுக்கும் விளைவு ஏறத்தாழ ஒன்றாகவே இருந்தது. 60 நாட்களுக்குள் இறந்தோ, துணையின்றி நடக்க இயலாதோ போனவர்கள் இரு பிரிவிலும் சுமார் 18 விழுக்காட்டினர். எந்த முறை என்பதை அந்த நோயாளியின் இதயம், நுரையீரல், அவர் உட்கொள்ளும் மருந்துகள் ஆகியவற்றைப் பார்த்து மருத்துவர் தீர்மானிக்கட்டும். அண்மைக்காலத்தில் வந்துள்ள நல்ல வளர்ச்சி வேறொன்று. ஸ்கேன் கருவியில் நரம்பைக் கண்ணால் பார்த்து, அதனருகே மரப்பு மருந்தைச் செலுத்துகிறோம். அறுவைக்கு முன்பே இடுப்பு வலி பெருமளவு தணிகிறது. வலி மாத்திரைகளும் மார்ஃபின் வகை ஊசிகளும் குறைவாகவே தேவைப்படுகின்றன.

கருவிகள் எத்தனை இருந்தாலும், நோயாளி சொல்லும் உண்மை இல்லாவிட்டால் எங்கள் கை கட்டப்பட்டதாகிவிடும். வெறும் வயிற்றில் வரச் சொல்வது மயக்க நிலையில் வயிற்றிலுள்ளது மேலே ஏறி மூச்சுக்குழாய்க்குள் இறங்கிவிடக் கூடாது என்பதற்காக. இலேசான உணவுக்கும் பாலுக்கும் 6 மணி நேர இடைவெளி வேண்டும். எண்ணெய்ப் பண்டங்களுக்கும் இறைச்சிக்கும் இன்னும் கூடுதலாக. நம் ஊரில் "கொஞ்சம் பால்கோவாதானே" என்று கொடுத்துவிடுகிறார்கள். பால்கோவாவும் பால்தான், கெட்டியான பால்! மறுபக்கம், தண்ணீரை முதல்நாள் இரவிலிருந்தே நிறுத்திவிடுவதும் தேவையற்றது. வேறு தடை இல்லாதவர்கள் அறுவைக்கு 2 மணி நேரம் முன்புவரை வெறும் தண்ணீர் அருந்தலாம் என்பதே இன்றைய வழிகாட்டுதல். முதியவரின் நாவும் உடலும் வறண்டு போவது மனக்குழப்பத்திற்கு இடம் கொடுக்கும். ரமளான் மாதத்தில் அறுவைக்கு நாள் குறிக்கப்பட்டால், நோன்பு வைத்திருப்பதை மருத்துவரிடம் மறைக்காதீர்கள். நோயாளிக்குரிய சலுகை பற்றி ஆலிம் பெருமக்கள் விளக்குவார்கள். அது என் துறையன்று.

மருந்துகளைப் பற்றியும் சொல்ல வேண்டும். சர்க்கரை நோய்க்கு டாபாகிளிஃப்ளோசின், எம்பாகிளிஃப்ளோசின் போன்ற மாத்திரைகள் இப்போது பலருக்கும் கொடுக்கப்படுகின்றன. திட்டமிட்ட அறுவைக்கு 3 நாட்களுக்கு முன்பே அவற்றை நிறுத்தச் சொல்வோம். இல்லாவிட்டால், சர்க்கரை அளவு அதிகம் உயராமலேயே இரத்தத்தில் அமிலத்தன்மை கூடி ஆபத்து நேரலாம். வாரம் ஒருமுறை போடும் செமாகுளுடைட் ஊசி வயிறு காலியாவதைத் தாமதப்படுத்தும். இரத்தம் உறையாமலிருக்க உண்ணும் மாத்திரைகள், பெயர் தெரியாத நாட்டு மருந்துப் பொடிகள், பீடி, சிகரெட் அனைத்தையும் கூறிவிட வேண்டும். நீங்களாக எதையும் நிறுத்தவும் வேண்டாம். மாத்திரை அட்டைகளை ஒரு பையில் போட்டு அப்படியே கொண்டுவந்தால் போதும். பெயர் சொல்லத் தெரியாவிட்டாலும் நாங்கள் பார்த்துக்கொள்வோம்.

அறுவை அரங்கிற்குள் உங்கள் பெயரையும், எந்தக் கால் என்பதையும் மூன்று பேர் மூன்று முறை கேட்டால் சினம் கொள்ளாதீர்கள். உலக சுகாதார நிறுவனம் 2008இல் வெளியிட்ட சரிபார்ப்புப் பட்டியலின்படி அவர்கள் கேட்கிறார்கள். புதுடெல்லி உள்பட எட்டு நகரங்களில் அப்பட்டியலைக் கடைப்பிடித்துப் பார்த்தபோது, அறுவைக்குப் பிந்தைய இறப்பு 1.5 விழுக்காட்டிலிருந்து 0.8 விழுக்காடாகக் குறைந்தது. அறுவை முடியும்போது கருவிகளையும் ஊசிகளையும் துணிகளையும் எண்ணிச் சரிபார்ப்பதும் அப்பட்டியலில் உண்டு. இராஜபாளையத்தை அடுத்த சத்திரப்பட்டியில் எத்தனை தறிகள் பேண்டேஜ் துணி நெய்கின்றன என்பதை நீங்கள் அறிவீர்கள். அத்தகைய துணி அறுவை அரங்கிற்குள் ஒவ்வொன்றாக எண்ணப்பட்டுத்தான் உள்ளே போகிறது, எண்ணப்பட்டுத்தான் வெளியே வருகிறது.

அறுவைக்குப் பின் முதியவர்களுக்குச் சில நாட்கள் மனக்குழப்பம் வருவதுண்டு. இரவில் உளறுவார், ஊசிக் குழாயைப் பிடுங்குவார், பெற்ற பிள்ளையையே யாரென்று கேட்பார். மயக்க மருந்து மூளையைக் கெடுத்துவிட்டது என்று குடும்பத்தார் கலங்குகின்றனர். வலி, உறக்கமின்மை, நீர்ச்சத்துக் குறைவு, கிருமித் தொற்று, புதிய இடம் எனப் பல காரணங்கள் அதற்கு உண்டு. பெரும்பாலோருக்கு அது தெளிந்துவிடுகிறது. இதில் மருந்தைவிட உங்கள் கைதான் அதிகம் உதவும். அவருடைய மூக்குக் கண்ணாடியையும் காது கேட்கும் கருவியையும் வீட்டில் வைத்துவிட்டு வராதீர்கள். பழகிய குரல் ஒன்று அருகில் இருக்கட்டும். இன்று என்ன கிழமை, இது எந்த இடம் என்று பேச்சோடு பேச்சாகச் சொல்லிக்கொண்டிருங்கள். இரவில் விளக்கைத் தணித்து உறங்க விடுங்கள். மருத்துவர் அனுமதித்தவுடன், இயன்றால் மறுநாளே, எழுப்பி உட்கார வைத்து நடக்கப் பழக்குங்கள். பாவம் வலிக்கும் என்று படுக்கவே வைத்திருந்தால், எதற்காக அறுவை செய்தோமோ அது வீணாகிவிடும்.

பெண்கள் பகுதியிலிருந்து ஒரு துண்டுச் சீட்டு வந்துள்ளது. "சிசேரியனுக்கு முதுகில் ஊசி போட்டதிலிருந்து முதுகுவலி போகவில்லை, அதுதான் காரணமா?" என்று ஒரு சகோதரி கேட்டிருக்கிறார். ஊசி குத்திய இடத்தில் சில நாட்கள் வலி இருக்கலாம். எழுந்து உட்கார்ந்தால் கூடும் தலைவலியும் சிலருக்கு வரலாம். மெல்லிய ஊசிகள் வந்தபின் அது குறைந்துவிட்டது. ஆனால் ஆண்டுக்கணக்கில் நீடிக்கும் முதுகுவலிக்கு அந்த ஊசி காரணம் என்று ஆய்வுகள் நிறுவவில்லை. ஊசியே போடாமல் சுகப்பிரசவம் ஆன பெண்களுக்கும் அவ்வலி பரவலாக இருக்கிறது. கருவுற்ற காலத்தில் தளர்ந்த தசைகளும் மூட்டுகளும், குனிந்து பாலூட்டுவதும், குழந்தையை இடுப்பில் சுமப்பதும் அதற்கு இடம் தருகின்றன. அந்தச் சகோதரி வலியைப் பொறுத்துக்கொண்டிராமல் எலும்பு மருத்துவரிடம் காட்டி, முதுகுத் தசைகளுக்கான பயிற்சிகளைக் கற்றுக்கொள்ள வேண்டும். காலில் மரத்துப்போதலோ, பலவீனமோ, சிறுநீர் அடக்க முடியாமையோ இருந்தால் நாளைக்கு என்று தள்ளாமல் உடனே செல்ல வேண்டும்.