பத்து ரூபாய்ப் பங்கில் எழுந்த வங்கி

(வெள்ளி விழாவில் ஆற்றிய உரை)



கல்விக் கழகத்தின் விழாவில் வணிகம் பற்றிப் பேசுவது பொருந்துமா எனச் சிலர் எண்ணலாம். தலைச்சுமைக் காய்கறியிலும் செருப்புத் தையலிலும் தள்ளுவண்டியிலும் நம் பெற்றோர் ஈட்டிய காசே நமக்குப் பாடநூலாயிற்று. ஆகவே, பொருந்தும் என்பதே நம் கருத்து.

அத்தொழில்களில் உழைப்புக்குக் குறைவில்லை, முதலுக்கே குறை. காலையில் தொண்ணூறு ரூபாயைக் கையில் தந்து, மாலையில் நூறாகத் திரும்பப் பெறும் கடனை நாம் அறிவோம். நாளொன்றுக்குப் பத்து ரூபாய் போனால் முந்நூறு நாளில் மூவாயிரம் போகிறது. கடைசி நாளிலும் அந்தத் தொண்ணூறு நமக்குச் சொந்தமாவதில்லை.

முதல் கிடைத்தாலும் சாதி குறுக்கே நிற்கும். அயல்நாட்டில் பயின்று வந்த அண்ணல் அம்பேத்கர் பங்கு வணிக ஆலோசனைத் தொழில் தொடங்கினார். அவர் பிறப்பை அறிந்ததும் வாடிக்கையாளர் விலகினர், தொழில் மூடப்பட்டது. தனியொருவர் திறமை மட்டும் போதாது என்பதற்கு வேறு சான்று வேண்டுமோ?

வழி ஒன்று உண்டு. இலாபத்தை ஒருவர் பையில் சேர்க்காமல், உழைத்த மக்களுக்கே திருப்பும் தொழில் முயற்சியே அது. அகமதாபாத்தில் இலா பட் அம்மையார் 1972ஆம் ஆண்டு ‘சேவா’ சங்கத்தைத் தோற்றுவித்தார். காய்கறி விற்போரும் பழந்துணி வணிகம் செய்வோரும் சுமை தூக்குவோரும் அதன் உறுப்பினர். வங்கிகள் அவர்களை மதிக்கவில்லை. 1974இல் நாலாயிரம் பெண்கள் ஆளுக்குப் பத்து ரூபாய்ப் பங்கிட்டுத் தமக்கென ஒரு கூட்டுறவு வங்கியை நிறுவினர். கையொப்பமிடத் தெரியாதோர் வங்கி நடத்துவதா என்ற தடை எழுந்தபோது, முன்னின்ற பெண்கள் ஓர் இரவு முழுதும் விழித்துத் தம் பெயரை எழுதக் கற்றனர். அவ்வங்கியில் கடன் பெறுவோரே உரிமையாளர். வட்டியாகச் செலுத்திய பணம் அவர்களுக்கே பயன்பட்டது. காப்பீடும் குழந்தைகள் காப்பகமும் அச்சங்கத்தின் முயற்சியில் பின்னர் எழுந்தன.

1981இல் குசராத்தில் இடஒதுக்கீட்டை எதிர்த்துக் கலவரம் மூண்டது. சேவா நம் மக்கள் பக்கம் நின்றது. அதனால் தாய்ச் சங்கமாகிய ஆலைத் தொழிலாளர் சங்கத்தினின்று வெளியேற்றப்பட்டது. ஆயினும் வீழவில்லை. சொந்த முதல் உள்ளவர்க்கே சொந்தக் குரலும் உண்டு என்பதை நாம் நெஞ்சில் நிறுத்துவோமாக.

இளைஞர்களே! கூட்டுறவு என்றாலே வெற்றி என மயங்க வேண்டா. கணக்கு பொய்த்தால் சங்கம் சாகும். கடன் திரும்பாவிடில் அடுத்தவர்க்குக் கடன் இல்லை. இங்குதான் நம் கல்வி பயன்பட வேண்டும். தெருவுக்குப் பத்துப் பேர் சேர்ந்து சிறுசேமிப்பைத் தொடங்கட்டும். படித்த பிள்ளை ஒருவர் மாலைதோறும் பேரேடு எழுதட்டும். எழுதியதை அனைவரும் கேட்க வாசிக்கட்டும். காய்கறி விற்றுப் படிக்க வைத்த தாய்க்கு நாம் செலுத்தும் கடன் அதுவே.

கழகம் வளர்க! ஒற்றுமை ஓங்குக!