பிடித்த கைக்குத்தான் முதலில் கடுப்பு
(உழவர் பயிற்சி முகாம் ஒன்றில் ஆற்றிய உரை)



கைத்தெளிப்பானை முதுகில் சுமந்து மருந்தடித்தவர்களைக் கேட்கிறேன். எந்தக் கை முதலில் கடுத்தது? நெம்புகோலை ஏற்றி இறக்கிய கையா, குழலைச் சும்மா நீட்டிப் பிடித்திருந்த கையா? குழல் பிடித்த கை என்றே பலரும் சொல்வீர்கள். நடவிலும் அப்படித்தான். வலக்கை ஓயாமல் நடுகிறது; நாற்றுமுடி பிடித்த இடக்கையோ மரத்துப் போகிறது.

தசை தளரும் ஒவ்வொரு முறையும் அதற்குள் இரத்தம் பாய்கிறது. இறுகியபடியே இருந்தால் தன் இரத்தக் குழாய்களைத் தானே நெரித்துக் கொள்கிறது. மடையை அடைத்துவிட்டு வயல் காய்கிறதே என்று வருந்தலாமா?

இறுக்கம் கூடக்கூடத் தாங்கும் நேரம் குறைகிறது. ஜெர்மனியில் ரோமெர்ட் என்னும் அறிஞர் 1960-இல் இதை அளந்து வெளியிட்டார். முழுப் பலத்தோடு பிடித்தால் சில வினாடிகள். பாதிப் பலத்தில் ஏறக்குறைய ஒரு நிமிடம். 15 விழுக்காட்டுக்குக் கீழே களைப்பே இராது என்று அன்று கருதினார்கள். பின்னாளைய ஆய்வுகள் அதை ஏற்கவில்லை. 10 விழுக்காட்டிலும் ஒரு மணி நேரம் விடாமல் பிடித்தால் தசை சோர்கிறது.

இங்கேதான் நாம் ஏமாறுகிறோம். மூட்டையைத் தூக்கி வைத்த கை சில நிமிடங்களில் பெருமளவு தேறிவிடும். இலேசாக நெடுநேரம் பிடித்த கைக்கு, வலி போன பின்பும் பலம் முழுதும் திரும்ப மணிக்கணக்காகும். மறுநாள் வரைகூட ஆகலாம். மறுநாள் கை தளரும் ஆளைச் சோம்பேறி என்கிறோம்.

ஒரு சோதனை வயலில், "இன்னும் நான்கு டாங்க்தானே!" என்று நானே ஆட்களை விரட்டியதுண்டு. கடைசிப் பாத்திகளில் குழல் தாழ்ந்து மருந்து மண்ணில் விழுந்தது. ஆட்களைக் குறை சொல்ல எனக்கு வாயில்லை.

16 லிட்டர் டாங்கில் மருந்து நீர் மட்டுமே 16 கிலோ. இரு தோள்வார்களையும் மாட்டி, சமமாக இறுக்குங்கள். ஒவ்வொரு டாங்க் முடிந்ததும் ஆளை மாற்றுங்கள். இயலாவிட்டால், நிரப்பும் நேரத்தில் கையைத் தொங்கவிட்டு உதறுங்கள். நாற்றுமுடியைச் சிறிதாகப் பிரித்துப் பிடியுங்கள். குனிந்த முதுகும் பிடித்த கையைப் போன்றதே. ஆகவே அடிக்கடி அரை நிமிடம் நிமிருங்கள். மதியம் ஒரேயடியாக எடுக்கும் ஓய்வு மட்டும் இதற்குப் போதாது. வரப்பில் நிற்கும் நில உரிமையாளர்களே, நிமிர்பவரை "என்ன வேடிக்கை?" என்று கேட்காதீர்கள்.

இன்னொன்று. மூட்டை தூக்கும்போது மூச்சை அடக்க வேண்டாம். இரத்த அழுத்தம் சட்டென ஏறும்.

இப்போது வார் இறுக்கும் முறையைச் செய்து காட்டுகிறேன். டாங்கில் தண்ணீர்தான் இருக்கிறது, அருகில் வரலாம்.