ஒரு பாட்டில் நல்லெண்ணெயும் ஒற்றை எக்ஸ்போஷரும்

தீப்பெட்டி லேபிளில் தொடங்கி, காலண்டர், பட்டாசுப் பெட்டி என்று அச்சுத் தொழிலில் வளர்ந்த ஊர் சிவகாசி. பக்கத்து விருதுநகர் பேர்பெற்ற எண்ணெய்ச் சந்தை. இந்த வட்டாரத்தில் ஸ்டூடியோ வைத்திருப்பவரின் மேசைக்கு என்றைக்காவது ஒரு நல்லெண்ணெய் பாட்டில் வந்தே தீரும். அதை ஒரே எக்ஸ்போஷரில் எடுப்பதா, வெளிச்சத்தைக் கூட்டியும் குறைத்தும் பல படங்கள் எடுத்து எச்.டி.ஆர். முறையில் ஒன்றாகச் சேர்ப்பதா? என் ஓட்டு ஒற்றைப் படத்துக்குத்தான்.

எச்.டி.ஆர். மட்டமான வித்தை என்று சொல்ல வரவில்லை. 1997-இல் பால் டெபவெக்கும் ஜிதேந்திர மாலிக்கும் வெளியிட்ட பெயர்பெற்ற ஆய்வுக்கட்டுரையில் எடுத்துக்காட்டாக வந்தது ஸ்டான்ஃபோர்டு தேவாலயத்தின் உட்புறம். வண்ணக் கண்ணாடிச் சன்னல்களில் வெயில், கீழே இருட்டு. பதினாறு படங்களைச் சேர்த்தார்கள். அங்கே வெளிச்சம் அவர்கள் கையில் இல்லை. செட்டிநாட்டு வீட்டு முகப்பில் நிறக் கண்ணாடி வழியே வெயில் விழுவதைப் படம்பிடிக்கிறீர்களா? தாராளமாக அந்த முறையைக் கையாளுங்கள்.

மேசைமேல் இருக்கும் பாட்டிலின் கதை வேறு. அதற்கு வெளிச்சம் வைப்பவரே நீங்கள்தான். எண்ணெயும் கண்ணாடியும் ஒளியைக் கிட்டத்தட்ட ஒரே அளவில் வளைப்பவை. அதனால் நிரம்பிய பாட்டிலில் உள்சுவர் கண்ணுக்கே தெரியாது, மொத்தமும் ஒரே பொன்னிறக் கட்டியாக நிற்கும். உருண்டைப் பாட்டில் ஒரு லென்ஸும் கூட. பின்னால் சற்றுத் தள்ளி, இடப்பக்கம் ஒரு சிவப்புத் துணி கிடந்தால் பாட்டிலுக்குள் அது வலப்பக்கம் எட்டிப் பார்க்கும்! பாட்டிலைவிடச் சற்றே சிறியதாக வெள்ளை அட்டையை வெட்டிப் பின்னால் சாய்த்து வைத்து, அதன்மேல் விளக்கைத் திருப்புங்கள். எண்ணெய் உள்ளிருந்து ஒளிரும். இருபுறமும் கறுப்பு சார்ட் தாள் நிறுத்தினால் விளிம்பில் மெல்லிய கருங்கோடு விழும். அந்தக் கோடுதான் கண்ணாடிக்கு உருவம் தருவது.

இதையே எச்.டி.ஆரில் சேர்த்தால் மென்பொருள் என்ன செய்கிறது? கருங்கோட்டை வெளுக்கிறது, மினுக்கத்தை மங்க வைக்கிறது. கூட்டிச் செய்தால் விளிம்பைச் சுற்றி ஒரு ஒளிவட்டம், ஏதோ சாமி படம் மாதிரி.

அச்சுக்கூடத்தில் இது இன்னும் தெளிவாகத் தெரியும். ஆஃப்செட் அச்சில் கண்ணாடியின் பளபளப்பு என்பது மை படாத வெறும் காகிதம். ஆர்ட் பேப்பரின் வெண்மைக்கு மேல் வெளிச்சம் காட்ட எந்த மெஷினாலும் ஆகாது. "எல்லா இடத்திலும் விவரம் தெரியணும்" என்று அந்தப் பளபளப்பை அடக்கிவிட்டால் அங்கேயும் மைப்புள்ளிகள் வந்து உட்காரும். பாட்டில் தூசி படிந்ததுபோல் அச்சாகும். நல்ல கேமரா சென்சார் பதிவு செய்யும் ஒளி வீச்சில் பாதியைக் காகிதம் தாங்கினாலே பெரிது. பிறகு எதற்கு இன்னும் சேகரிப்பது?

சந்தேகம் இருந்தால் வெளிச்சம் கூட்டியும் குறைத்தும் மூன்று படங்கள் எடுத்துக்கொள்ளுங்கள், தவறில்லை. அதில் ஒன்றைத் தேர்ந்தெடுங்கள், சேர்க்க வேண்டாம். கைபேசியில் எடுப்பவர்கள் கவனிக்க: பல போன்கள் உங்களைக் கேட்காமலே எச்.டி.ஆர். போட்டுவிடும். அமைப்புகளில் அதை நிறுத்த வழி இருந்தால் நிறுத்துங்கள். இல்லையென்றால் சன்னலில் ஒரு டிரேசிங் தாளை ஒட்டி, பாட்டிலை அதற்கு முன்னால் வையுங்கள். வெளிச்சம் அந்த அளவுக்கு மட்டுப்பட்டுவிட்டால் போன் சேர்ப்பதற்கு அங்கே பெரிதாக ஒன்றும் மிச்சமிருக்காது.