நன்னிமா கையிலிருந்து கரண்டியை வாங்கலாமா?

 

நோன்புக் கஞ்சி காய்ச்சுவதைக் கொஞ்சம் நினைத்துப் பாருங்கள். எத்தனை பேர் வருகிறார்கள், அதற்கு நொய் எவ்வளவு, பாசிப்பருப்பு எவ்வளவு, தேங்காய்ப்பாலை எப்போது ஊற்றுவது. எல்லாம் மஃரிபுக்கு முன்னால் முடிய வேண்டும். கணக்கு, ஞாபகம், கவனம் எல்லாம் ஒரே அடுப்பில் வேகின்றன. இதைத்தான் ‘சும்மா வீட்டு வேலை’ என்கிறோம்.

எங்கள் வீட்டில் நன்னிமா ஒருநாள் பாலை அடுப்பில் வைத்துவிட்டு மறந்துபோனார். பயந்துபோய், இனி சமையலறைப் பக்கமே வரவேண்டாம் என்று சொல்லிவிட்டோம். மரியாதை என்றுதான் நினைத்தோம். இரண்டே மாதத்தில் கட்டிலும் டிவியுமாக ஆகிவிட்டார், பேச்சே குறைந்தது. இப்போது அடுப்பு மருமகள் பொறுப்பு. கீரை ஆய்வது, பூண்டு உரிப்பது, மளிகைச் சீட்டு சொல்வது, பால் கணக்கு எல்லாம் நன்னிமா பொறுப்பு. மறதி போய்விடவில்லை. ஆனால் உப்பு பார்த்து எங்களைத் திட்டுகிற குரல் திரும்பி வந்திருக்கிறது.

நம் தமிழ் மக்களும் வாழும் சிங்கப்பூரில், யீஷூன் என்ற குடியிருப்பு நகரில் 21 முதல் 90 வயது வரையுள்ள 489 பேரை ஆராய்ந்து, 2021-ல் முடிவை வெளியிட்டார்கள். 65 வயதைத் தொட்டவர்களில், வீட்டு வேலை அதிகம் செய்தவர்கள் சிந்தனைத் திறன் சோதனைகளில் கூடுதல் மதிப்பெண் பெற்றார்கள். தரை கழுவுவது போன்ற கனமான வேலை கவனத்தோடும், சமைப்பது, துணி காயப்போடுவது போன்ற லேசான வேலை ஞாபகத்தோடும் சேர்ந்து வந்தன. இளையவர்களிடம் அப்படித் தெரியவில்லை. மூளை தெளிவாக இருப்பவரால்தான் வேலை செய்ய முடிகிறதோ என்றும் கேட்கலாம். எது முந்தியது என்பதை அந்த ஆய்வு நிரூபிக்கவில்லை. ஆகவே, பாத்திரம் கழுவினால் மறதி நோய் வராது என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

அத்தாமார்கள் சிரிக்க வேண்டாம், இது பெண்களுக்கு மட்டும் சொன்னதல்ல! உக்கடம் மார்க்கெட்டில் மீன் விலை பேசி, மீதிச் சில்லறையை எண்ணி வாங்குவதும் மூளைக்கு வேலைதான். அதற்காக மூட்டு வலிக்கும் பெரியவரிடம் தண்ணீர்க் குடத்தைக் கொடுத்துவிடாதீர்கள்.

நாற்பது வருடம் பிரியாணி ஆக்கியவர் எதற்குப்பின் எது என்று திகைத்து நின்றாலோ, பழகிய தெருவில் வழி தெரியாமல் நின்றாலோ, ‘வயசாச்சு’ என்று விட்டுவிடாதீர்கள். நம் நாட்டில் 60 வயதுக்கு மேற்பட்டவர்களில் சுமார் 7.4 சதவீதம் பேருக்கு மறதி நோய் இருப்பதாக 2023-ல் வெளியான ஆய்வு கணக்கிட்டது. திருச்சி சாலை அரசு மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லுங்கள். முதியோர் உதவி எண் 14567, கட்டணம் இல்லை.